கூண்டுக்குள் டாக்டர்

"ஐயோ... டாக்டரய்யா!"

குருவம்மாளின் அலறலில் குற்றாலம் குரங்கு ஆராய்ச்சி நிலையமே கிடுகிடுத்தது.

1962. சாரல் மாதம்.

கூண்டுக்குள் டாக்டர் ஞானமுத்து குப்புறக் கிடந்தார். செத்து விறைத்திருந்தார். கூண்டின் தாழ்ப்பாளோ... வெளியே போட்டிருந்தது!

இன்ஸ்பெக்டர் ஆறுமுகநயினார் அதிகம் யோசிக்கவில்லை. குரங்குகளைப் பராமரிக்கும் மாடனை, குருவம்மாளின் புருஷனை, தென்காசி லாக்கப்பில் தள்ளினார்.

"ஏலே, டாக்டரைப் பாத்து என்ன சொன்னே?"

"வருசக்கணக்கா குரங்கத் தனித்தனியா அடைச்சுப் போட்டிருக்கேரே, உம்மைய ஒருநா அடைச்சாத் தெரியும்னு... சொன்னதோட சரிய்யா!"

ஊரே கேட்டிருந்தது. தூக்குக்கு அது போதும். பாவி மனுஷன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்!

மறுநாள் கான்ஸ்டபிள் யாக்கூப்போடு வந்த இன்ஸ்பெக்டர், அந்தக் கூண்டுக்குள் நுழைந்து பார்த்தார்.

டக்!

திரும்பினார். தாழ்ப்பாள் விழுந்திருந்தது! வெளியே நீளச் சங்கிலியில் நின்ற குரங்கு அவரிடம் கை நீட்டியது.

"என்னட்டி இது?"

"கடலை கேக்குதுய்யா!" என்றாள் குருவம்மாள். "கூண்டுக்குள்ள வேற குரங்கு போனா இது தாழ்ப்பாள் போடணும். போட்டா கடலை. டாக்டர் பழக்குனது. ஆளையும் பூட்டும்னு யாரு கண்டா!"

"டாக்டருக்கு இழுப்பு உண்டா?"

"உண்டும்யா... வந்துட்டா மூச்சே விட முடியாது."

"அப்ப உம் புருஷன் தப்பிச்சாச்சு, போ!"

ஜீப்பில் ஏறியதும் யாக்கூப்பிடம் சொன்னார். "நாளைக்கு மாஜிஸ்திரேட் வாராரு. அவரு கண்ணு முன்னால குரங்கு தாழ்ப்பாள் போடணும். இல்லன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்!"

மாஜிஸ்திரேட் வந்தார்.

கூண்டுகள் அத்தனையும் திறந்து கிடந்தன. ஒரு குரங்கு இல்லை! நெற்றி நிறையக் குங்குமத்தோடு குருவம்மாள் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கட்டி குரங்கெல்லாம்?"

"அவுத்து விட்டுட்டேம்யா! அவுக தப்பிச்சா எல்லாத்தையும் காட்டுக்கே விட்டுருதேன்னு அனுமாருக்கு நேந்திருந்தேன். நீங்கதான தப்பிச்சாச்சுன்னு சொன்னிய? சாமி காரியத்தத் தள்ளிப் போடலாமா?"

இன்ஸ்பெக்டர் மலையை அண்ணாந்து பார்த்தார். ஐந்தருவி முதல் செண்பகாதேவி வரை மலை பூராவும் குரங்கு. எல்லாம் ஒரே மூஞ்சி!

மாஜிஸ்திரேட் காரில் ஏறினார். "கதை பிரமாதம் இன்ஸ்பெக்டர். சாட்சி எங்கே?"

கார் போய்விட்டது.

குருவம்மாளின் சிரிப்பு மெல்லச் செத்தது. "ஏன்யா... அவுக வந்துருவாகள்லா?"

இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

யாக்கூப் தொண்டையைச் செருமினான். "சம்மன் வேணா எழுதிருதேன் சார்... அந்தக் குரங்குக்குத் தகப்பன் பேரு என்ன?"