கொய்யா அடுப்பு

பேராச்சி பம்பாய்க்கு வந்த புதிதில் வாயைத் திறக்கவே பயந்தாள்.

பயப்படாமல் என்ன செய்வாள்? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த மறுநாளே, தாராவியில் அவர்கள் வீட்டு வாசலுக்குப் பால்காரர் வந்தார். இன்றைக்குப் பால் இல்லை, நாளைக்குத்தான் என்று இந்தியில் சொன்னார். இந்தியில் நாளைக்கு 'கல்' என்று பெயர். "கல்! கல்!" என்று அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதும், கல்லை விட்டெறியப் போகிறார் என்று நினைத்துப் பேராச்சி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தெருவே சிரித்தது.

அன்றைக்கு வாயில் போட்ட பூட்டுத்தான். மாட்டுங்காவில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் நிம்மதி இல்லை. பிள்ளைகள் தமிழ்தான் பேசினார்கள். ஆனால் பொங்கலில் மிளகு மாதிரி நடுநடுவே இந்தி தட்டுப்பட்டது. பேராச்சி புரிந்ததற்கும் தலையாட்டினாள், புரியாததற்கும் தலையாட்டினாள்.

அதனால் ஷ்யாமளா ஒருநாள் அவளைத் தேடி வந்தபோது அவளால் நம்பவே முடியவில்லை. ஷ்யாமளா ஆறாம் வகுப்பு. சாரணியர் குழுத் தலைவி.

"எங்க குழுவிலே ஒரு ஆள் குறையறது. நானும் ருக்குவும்தான் இருக்கோம். நீ வரியா?"

பேராச்சி வழக்கத்தைவிட வேகமாகத் தலையாட்டினாள்.

சாரணியரை நடத்தியவர் ராஜலக்ஷ்மி டீச்சர். அவரிடம் ஒரு குட்டி ஸ்டவ் உண்டு. தோள்பையில் அடங்கிவிடும். வருஷா வருஷம் முகாமுக்குப் போகும்போது அதில்தான் சமையல். ஆனால் அது உலக யுத்தம் நடந்த காலம். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் போட்டிருந்தார்கள். டீச்சர் ஸ்டவ்வைக் காதருகே வைத்துக் குலுக்கிக் காட்டினார். ஒரு சத்தமும் வரவில்லை.

"பார்த்தீர்களா, இந்த வருஷம் இது ஊமை" என்றார். "ஞாயிற்றுக்கிழமை செம்பூர் மாந்தோப்புக்குப் போகிறோம். மூன்று குழுக்களும் சொந்த அடுப்பில் சமைக்க வேண்டும். எதை எரிப்பது என்பது உங்கள் பாடு. மண்ணெண்ணெய் கூடாது. தோப்பில் ஒரு கிளையைக்கூட ஒடிக்கக் கூடாது. எந்தக் குழுவின் அடுப்பில் சோறு வேகிறதோ, அந்தக் குழுவுக்குத்தான் அடுத்த மாதம் தாணேயில் மூன்று நாள் முகாம்!"

தாணே என்றதும் எல்லாப் பெண்களும் 'ஹோ' என்று கூவினார்கள். அங்கே ஏரி இருக்கிறது. கூடாரம் போட்டுத் தங்கலாம். பேராச்சி மனதுக்குள்ளேயே கூவிக்கொண்டாள்.

ஷ்யாமளா வேலையைப் பங்கு போட்டாள். "அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நான் கொண்டு வரேன். ருக்கு, நீ சிக்டியும் பாத்திரமும். பேராச்சி, நீ கோய்லா கொண்டு வா. நிறைய வேணும், என்ன?"

சிக்டி என்பது வாளி மாதிரி இருக்கும் சின்ன இரும்பு அடுப்பு. அது பேராச்சிக்குத் தெரியும், அவள் வீட்டிலும் இருந்தது. ஆனால் கோய்லா?

கொய்யாவைத்தான் இந்த ஊரில் இப்படி இழுத்துச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பார்களே! தலையாட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், "அய்யா, பள்ளிக்கூடத்துல கொய்யா கொண்டாரச் சொல்லுதாவ. நெறைய வேணுமாம்" என்றாள்.

"அம்புட்டுக் கொய்யா எதுக்குட்டி?" என்று கேட்டார் அவள் அப்பா நம்பிராஜன்.

"திங்கத்தான்!"

அதுவும் சரிதான் என்று அவர் நல்ல காயாகப் பார்த்து வாங்கி வந்தார். நம்பிராஜன் மரப்பெட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார். கண்ணாடிச் சாமான் உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் மரத்தூள் போடுவார்கள் அல்லவா? அதே மாதிரி ஒரு பெரிய டின்னில் மரத்தூளைக் கொட்டி, அதற்குள் கொய்யாவை ஒவ்வொன்றாகப் புதைத்து வைத்தார்.

"ரயில்ல எம்புட்டு நெருக்கினாலும் ஒண்ணும் நசுங்காது, போ!"

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் ரயிலேறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கினார்கள். முந்தின நாள் மழை. மாந்தோப்பில் புல்லெல்லாம் நனைந்து கிடந்தது. மூன்று குழுக்களும் ஆளுக்கொரு மரத்தடியைப் பிடித்துக்கொண்டன.

ருக்கு சிக்டியை இறக்கி வைத்தாள். "கோய்லாவை எடுடீ, ஜல்தி!"

பேராச்சி டின்னுக்குள் கையை விட்டு ஒரு கொய்யாவை எடுத்தாள். பாவாடையில் துடைத்துப் பெருமையாக நீட்டினாள். "இந்தா, நல்ல பழம்."

"பழம் அப்பறம் தின்னலாம். கோய்லா எங்கே?"

"இதான் கோய்லா."

ருக்குவின் வாய் திறந்தபடியே நின்றது. ஷ்யாமளா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, கோய்லான்னா கரிடீ! கரி!"

"கறியா?" பேராச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கறின்னு ஒரு வார்த்த சொல்லப்படாதாக்கா? எங்கய்யா ஆட்டுக்கறில்லா வாங்கியாந்திருப்பாவ!"

"சிவ சிவா! அடுப்புக்கரிடீ!"

ருக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து மரத்தடியில் இன்னொரு குழுவின் தலைவி அபயாம்பாள் இருந்தாள். அவளுக்குப் பாம்புக் காது. "கேட்டேளா? இவா கொய்யாப்பழத்தை எரிச்சுச் சாதம் வடிக்கப் போறாளாம்!" என்று தோப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "கொய்யா! கொய்யா!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

பேராச்சிக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஷ்யாமளா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அப்படியே வேர்மேல் உட்கார்ந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"தாணே போச்சு" என்றாள் மெதுவாக.

அதுதான் பேராச்சிக்குச் சுருக்கென்று தைத்தது.

ருக்கு கீழே கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கி வந்து பற்ற வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஈரம். புகைதான் வந்தது. அபயாம்பாளிடம் கொஞ்சம் கரி கேட்டாள். "எங்களுக்கே அளவாத்தான் இருக்கு" என்று பதில் வந்தது. மூன்றாவது குழு சாக்கு நிறையத் தேங்காய்ச் சிரட்டை கொண்டு வந்திருந்தது. அந்த அடுப்பு தீபாவளி மாதிரி தகதகவென்று எரிந்தது.

பேராச்சி டின்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழக் கூடாது என்பதற்காக டின்னுக்குள் கையை விட்டு மரத்தூளை அளைந்தாள். அந்த வாசனை வீட்டு வாசனையாக இருந்தது. சாயங்காலம் அம்மா அடுப்பு மூட்டும்போது வருமே, அதே வாசனை.

சட்டென்று நிமிர்ந்தாள்.

"யக்கா! ஒரு பாட்டில் குடுங்க!"

"எதுக்கு?"

"அடுப்புக்கு. இந்தத் தூளு எரியும்க்கா! எங்க வீட்டுல ரேஷன் வந்ததுலேருந்து இதுலதான் சோறு. தெனமும் நான்தான் அடுப்பு கெட்டிக்கிறது!"

அவள் இத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசி அவர்கள் கேட்டதே இல்லை. ஷ்யாமளா நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

கொய்யாவையெல்லாம் எடுத்து வெளியே வைத்தார்கள். சிக்டியின் நடுவில் ஒரு கம்பித் தட்டு இருக்கும். பேராச்சி பாட்டிலை அதன்மேல் நட்டக்குத்தலாக நிறுத்தினாள். சுற்றிலும் கீழே உதிர்ந்து கிடந்த மாவிலையைப் பரப்பி, அதன்மேல் மரத்தூளைக் கொட்டி நிரப்பினாள். பிறகு பாட்டிலை உருவினாள்.

பொலபொலவென்று அத்தனையும் சரிந்தது.

"கொய்யா அவுட்!" என்றாள் அபயாம்பாள்.

பேராச்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவசரப்பட்டுவிட்டோம். வீட்டில் தூளைக் கல் மாதிரி இறுக்கிக் கெட்டிக்காமல் பாட்டிலை எடுக்க மாட்டாளே! கொஞ்சம் தண்ணீரும் தெளிப்பாளே!

"திரும்பச் செய்வோம். ருக்கு, ஒன் சொம்பக் குடு. அக்கா, நீங்க பாட்டில ஆடாமப் பிடிச்சிக்கிடுங்க."

பாட்டிலின் வெளிப்புறத்தில் எண்ணெய் தடவினாள். ஒரு கை தண்ணீர் தெளித்துப் பிசறிய தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட, ருக்கு சொம்பின் அடியால் குத்திக் குத்தி இறுக்கினாள். விளிம்பு வரை நிரம்பியது. பேராச்சி பாட்டிலின் கழுத்தைப் பிடித்து மெல்லத் திருகினாள்.

பாட்டில் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. நடுவில் எலிவளை மாதிரி ஒரு குழி அப்படியே நின்றது.

எண்ணெயில் தோய்த்த காகிதத்தைக் கொளுத்தி, சிக்டியின் கீழ்வாய் வழியாக உள்ளே விட்டாள். முதலில் புகை வந்தது. பிறகு இன்னும் புகை வந்தது. ருக்கு இருமினாள். கொஞ்ச நேரத்தில் குழிக்குள்ளே 'உஸ்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் உள்சுவர் முழுக்கச் செக்கச்செவேலென்று கனன்றது.

"எரியறது! அரே, எரியறதுடீ!" என்று ஷ்யாமளா பேராச்சியைக் கட்டிக்கொண்டாள்.

சோறு வெந்தது. பருப்பும் வெந்தது. அடுப்பு அசராமல் எரிந்துகொண்டே இருந்தது.

மற்றவர்கள் கதை வேறு மாதிரி போயிற்று. சிரட்டைக் குழுவில் எரிந்த வேகத்துக்குச் சாக்கே காலியாகிவிட்டது. அரிசி பாதி வேக்காட்டில் நின்றது. அபயாம்பாள் கரிப்பையை ஈரப்புல்லின்மேல் வைத்திருந்தாள். மேலே இருந்த கரி எரிந்து தீர்ந்ததும், அடியில் இருந்த கரி புகைந்து புகைந்து அணைந்தது. அவள் விசிறி விசிறிக் கை ஓய்ந்துபோனாள்.

கடைசியில் பானையோடு ஷ்யாமளாவின் மரத்தடிக்கு வந்து நின்றாள். என்ன கேட்பது என்று தெரியாமல் அடுப்பையே பார்த்தாள்.

"கொய்யா அடுப்பாச்சே, உனக்கெதுக்கு?" என்றாள் ருக்கு.

பேராச்சி அந்தப் பானையை வாங்கப் போனாள். ஷ்யாமளா அவள் காதில் கிசுகிசுத்தாள். "இருடீ. அவா அடுப்பிலே வேகல்லேன்னா நாம மட்டும்தான் தாணே போவோம்!"

பேராச்சி யோசித்தாள். "மூணு பேரு மட்டும் போயி, யாரு கூடக்கா வெளாடுறது?"

ஷ்யாமளாவே பானையை வாங்கி அடுப்பில் ஏற்றினாள். அதற்கப்புறம் சிரட்டைக் குழுவின் பானையும் வரிசையில் வந்து நின்றது.

சாப்பாட்டு நேரத்தில் ராஜலக்ஷ்மி டீச்சர் மூன்று பானையிலும் ஒவ்வொரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "நன்றாக வெந்திருக்கிறதே! எந்தெந்த அடுப்பில்?"

அபயாம்பாளே தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "எல்லாம் கொய்யா அடுப்பிலேதான், டீச்சர். எங்களது அணைஞ்சு போயிடுத்து."

"அப்படியானால் தாணேக்கு ஒரு குழுதான்" என்றார் டீச்சர். "அந்த அடுப்பின் குழுவில் இருப்பவர்கள் எல்லாம் கையைத் தூக்குங்கள்."

பேராச்சியும் ருக்குவும் கையைத் தூக்கினார்கள். ஷ்யாமளா சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். அபயாம்பாளின் கையைப் பிடித்து உயரத் தூக்கினாள்.

"எல்லாரும் எங்க குழுதான், டீச்சர்!"

மளமளவென்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. டீச்சர் எண்ணிப் பார்த்துவிட்டு, "பெரிய குழுவாக இருக்கிறதே! கூடாரம் அதிகம் வேண்டும்" என்றார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கொய்யாவைக் கடித்தார்கள். எத்தனை துடைத்தாலும் எல்லார் மூக்கிலும் மரத்தூள் ஒட்டியது.

அடுத்த மாதம் தாணேக்குக் கிளம்பும் முன் ஷ்யாமளா மறுபடியும் வேலை பங்கு போட்டாள். பேராச்சியின் முறை வந்தது.

"எனக்குக் கோய்லாவாக்கா?" என்று முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு கேட்டாள் பேராச்சி.

"வேண்டவே வேண்டாம்! நீ கொய்யாவே கொண்டு வா. போன தடவை மாதிரியே நன்னா பேக் பண்ணி!"

அன்று சாயங்காலம் நம்பிராஜன் பட்டறையிலிருந்து வந்ததும் பேராச்சி ஓடிப்போய்ச் சொன்னாள்.

"அய்யா, கொய்யா வேணும்! மூணு டின்னு!"

"மறுபடியுமா? அம்புட்டும் திங்கவா போறிய?"

"இல்லய்யா" என்றாள் பேராச்சி. "எரிக்க!"