இந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது!

முத்தாயி போட்ட கூச்சலில் கித்தா என்கிற ரப்பர் மரங்களில் பால் வடிவது நின்றுவிட்டது என்று மலாக்காவின் மெர்லிமாவில் இன்றும் சொல்வார்கள்.

அது கொஞ்சம் அதிகம். கொக்குகள் பறந்தது மட்டும் உண்மை.

அன்று காலை அவள் வழக்கம்போல ரோட்டோர முனியாண்டிக்குக் கற்பூரம் ஏற்ற வந்தாள். முனியாண்டி என்றால் சிலை இல்லை. இடுப்பளவு உயரத்தில் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இரும்புக் கம்பம். அதற்கு மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி. உச்சியில் ஒரு எலுமிச்சம்பழம்.

கண்ணை மூடினாள். குச்சியை உரசினாள்.

புஸ்ஸ்ஸ்...

தீ தரையோடு ஓடியது. லாலாங் புல்லை நக்கியது. கம்பத்தில் ஏறியது. எலுமிச்சம்பழத்தைத் தூக்கி எறிந்துவிட்டு உச்சியில் வெள்ளை வெளேரென்று நின்றது!

அந்த வெளிச்சத்தில்... புல்லுக்குள்ளே... ஒரு ஆள் குப்புறக் கிடந்தான்.

முகம் மட்டும் ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது. மீசையில் பாதியைக் காணோம்.

அப்போதுதான் அந்தக் கூச்சல்.

* * *

போலீஸ் ஸ்டேஷனில் டெலிபோன் அலறியது.

எடுத்தவர் தம்புசாமி. துப்பறியும் மாத்தா, அதாவது போலீஸ்காரர். சாதா உடுப்பில் ரகசியமாக அலைவது அவர் உத்தியோகம். அதற்காகவே ஒரு பச்சைக் கோட்டு வைத்திருந்தார். ஜாசினிலிருந்து செர்காம் வரைக்கும் அந்தக் கோட்டைத் தெரியாத திருடன் கிடையாது.

"நான் கடை ஷம்சுதீன் பேசுறேன். முனி ஒரு ஆளை அடிச்சிருச்சு, தம்பி."

"எந்த முனி?"

"என் கடைக்கு எதுத்தாப்ல நிக்கிற முனிதான். மீசையைப் பொசுக்கிருச்சு. ஆளும் போயிட்டான்."

"ராவுத்தரே, நீங்க எப்போலேர்ந்து முனியை நம்புறீங்க?"

"நான் எங்க நம்புறேன்? கற்பூரம் என் கடைல வாங்குறாங்க. எலுமிச்சை என் கடைல. பூண்டும் என் கடைல. தொழுகை வேற, வியாபாரம் வேற லா."

தம்புசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கோட்டை அவசரமாக மாட்டினார்.

காரணம் பிணம் இல்லை. மனைவி குஞ்சம்மா.

அன்று பத்தரைக்கு அவருடைய புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். பதினான்கு வருஷம் போலீஸ் குவார்ட்டர்ஸில் புகை குடித்த பிறகு அவள் கண்ணால் பார்க்கும் முதல் சொந்த அடுப்பு.

"பத்தரைக்குள்ள வாங்க. இல்லேன்னா குவார்ட்டர்ஸ்லயே இருந்து உங்க பாலை நீங்களே காச்சிக்குங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

சைக்கிளில் ஏறினார்.

* * *

அந்த நிலத்தின் கதை சின்னக் கதைதான்.

ரப்பர் விலை விழுந்தது. எஸ்டேட் துரை ரோட்டோர நிலத்தை ஏழு மனையாகக் கூறு போட்டார். வேலை போன நாகமுத்துக் கங்காணி தரகரானார். நிலத்தின் ரோட்டுப் பக்கம் ஒரு இரும்புக் கம்பம் நின்றது. அது சில சமயம் சீறும். பூண்டு வாடை அடிக்கும்.

சனங்கள் பார்த்தார்கள். சீறுகிறது, வாடை அடிக்கிறது, காவலுக்கு நிற்கிறது. முனியைத் தவிர வேறு யார்?

எலுமிச்சம்பழம் குத்தினால் முனி அடங்கும். பழம் காய்ந்து விழுந்தால் மறுபடி சீறும். பூண்டு பிடிக்கும் போலிருக்கிறதே என்று பூண்டும் படைத்தார்கள்.

"முனி காவல் காக்கிற மனை. வேற எங்க கிடைக்கும்?" என்றார் நாகமுத்து.

ஏழும் பறந்தன. ஏழாவதை வாங்கியவர் தம்புசாமி. திருட்டுப் பயம் இருக்காது என்று அவரும்தான் நம்பினார். போலீஸ்காரன்!

* * *

கூட்டம் நல்ல தூரத்தில் நின்றது. பிணத்தைத் தொட்டவன் எவனும் இல்லை. முனி அடித்த உடம்பைத் தொட்டால் தொட்டவனையும் அடிக்குமாம்.

கம்பத்தின் உச்சியில் தீ இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இது இருளாண்டிதானே? பங்களாவுல விளக்கு வேலை பாக்குறவரு" என்றார் தம்புசாமி.

"அவருதான்" என்றாள் முத்தாயி. "ஐயா, நீங்க தொடாதீங்க. பால் காச்சுற நாளும் அதுவுமா தீட்டு ஒட்டிக்கும்."

"அப்ப யாரு தொடுறது?"

கூட்டம் இன்னும் ஒரு அடி பின்னால் போனது. தம்புசாமி பச்சைக் கோட்டைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார். தீட்டு கோட்டோடு போகட்டும் என்று ஒரு கணக்கு.

பின்மண்டையைத் தடவினார். மங்குஸ்தீன் பழம் அளவுக்கு ஒரு வீக்கம்.

"முனி அடிச்சா முகத்துக்கு நேரா அடிக்கும். பின்னால அடிக்கிறவன் மனுஷன்" என்றார்.

ஷம்சுதீன் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. நேத்து என் கடை வாசல்ல நாகமுத்து இவரைப் பிடிச்சு நிறுத்தினாரு. 'வாயைத் தொறந்தே, மண்டையைத் தொறந்துருவேன்'னாரு."

"எதுக்கு?"

"அது காதுல விழல. முனிக்குச் சத்தியமா விழல."

"ராவுத்தரே..."

"வியாபாரப் பழக்கம் லா."

மண்டை திறந்திருக்கிறது. திறப்பேன் என்று சொன்ன ஆள் இருக்கிறார். அவர் இந்த நேரம் எங்கே இருப்பார் என்றும் தம்புசாமிக்குத் தெரியும். மாமரத்தடியில் தம்புசாமி கட்டிய புது வீட்டில். பால் காய்ச்சுவதற்குத் தலைமை விருந்தாளியாக!

ஆளை அடித்தவன் கையாலேயே அடுப்பு பற்ற வைக்கப் போகிறோமா?

தம்புசாமி எழுந்தார்.

பிணம் தும்மியது.

கூட்டம் இருந்த இடத்தில் செருப்புகள் மட்டும் இருந்தன.

* * *

"தண்ணி..." என்றார் இருளாண்டி.

தம்புசாமி கொடுத்தார். குடித்தார். மீசையைத் தடவினார். ஒரு பக்கம்தான் கைக்கு அகப்பட்டது.

"யாரு அண்ணே அடிச்சது?"

"எந்த அடியைக் கேக்குறீங்க? நிறைய வாங்கியிருக்கேன்."

"முதல்லேர்ந்து சொல்லுங்க."

"இது முனி இல்லீங்க ஐயா. குழாய். மேட்டுக் கொட்டகைல கார்பைட் கல்லுல தண்ணி விட்டுக் காஸ் எடுக்குறோம். அது மண்ணுக்கடியில இந்த ஏழு மனை வழியா ஓடி துரை பங்களாவுல விளக்கா எரியுது. இந்தக் கம்பம் குழாயில கட்டுற தண்ணியை எடுக்க நான் நட்டது. பூண்டு வாடைதான் காஸு. மூடியை எவனோ திருடிட்டான். எலுமிச்சம்பழம் வச்சாங்க. பரவாயில்ல, மூடிக்குப் பதிலா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

தம்புசாமி கம்பத்தைப் பார்த்தார். ஆறு வெள்ளிக்கிழமை அதைச் சுற்றி வந்திருக்கிறார்.

"நாகமுத்துக்கு இது தெரியுமா?"

"தெரியாம? குழாய் போறப்ப மண்ணு வெட்டினதே அவரு ஆளுங்கதான். வாங்குறவங்ககிட்ட சொல்லுங்கன்னேன். மண்டையைத் தொறப்பேன்னாரு. துரைகிட்ட போய், குழாயை மூடுவோம்னேன். விளக்கு அணைஞ்சா உன்னை மூடிடுவேன்னாரு. அப்புறம் என்ன செய்யறது? நானே வீடு வீடாப் போய்ச் சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"இந்த வீட்ல அடுப்பு எரியக் கூடாதுன்னு."

தம்புசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே... புது வீட்டு வாசல்ல நின்னு அப்படியா சொன்னீங்க? அது சாபம்ல?"

"அடி விழுந்த பிறகுதான் வெளங்கிச்சு. முதல் வீட்ல வெளக்குமாறு. ரெண்டாவது வீட்ல சாணித் தண்ணி. மூணாவது வீட்ல நாயை அவுத்து விட்டாங்க. சரி, பேச்சை மாத்துவோம்னு நாலாவது வீட்ல, 'நெருப்பு வச்சா குடும்பத்தோட போயிருவீங்க'ன்னு பதமாச் சொன்னேன்."

"அதுக்கு?"

"ரெண்டு நாய்."

"கடைசியா எங்க போனீங்க?"

"மாமரத்தடி வீடு. அதுதான் ரொம்ப மோசம். அடுப்பு மேடைக்கு மண்ணெடுத்தப்ப மண்வெட்டி குழாய்ல பட்டிருக்கு. அடுப்படி பூரா பூண்டு வாடை. ஒரு குச்சி போதும். வாசல்ல ஆள் இல்லாம, அடுப்படிப் பக்கம் பாத்துச் சொன்னேன். திரும்பினேன். பின்னால 'டங்'குன்னு ஒண்ணு. தட்டுத் தடுமாறி இது வரைக்கும் வந்ததுதான் தெரியும்."

"மாமரத்தடி வீடு..."

"ஆமா. அங்க இன்னிக்கு யாரோ பால் காச்சுறாங்களாம். பாவம்."

தம்புசாமி கையில் சுற்றிய கோட்டை அவிழ்த்தார்.

"அந்த யாரோ நான்தான், அண்ணே."

இருளாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப இங்க என்ன பண்றீங்க? ஓடுங்க. நான் கொட்டகைக்குப் போய்க் காஸை மூடுறேன்."

செத்தவர் மேட்டைப் பார்த்து ஓடினார். வழியில் நாலு பேர் அவர் காலில் விழுந்தார்கள். தாண்டி ஓடினார்.

* * *

சைக்கிள் பறந்தது!

பறந்தது என்றால் பாதி வழி. ஒரு பள்ளத்தில் சங்கிலி கழன்றது. மீதியை ஓடினார்.

மாமரம் தெரிந்தது. மாவிலைத் தோரணம் தெரிந்தது. வாசலிலேயே பூண்டு வாடை மூக்கைத் துளைத்தது.

உள்ளே குஞ்சம்மா அடுப்பின் முன்னால் மணை போட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கட்டிய பித்தளைப் பானை. பக்கத்தில் மாவிலை வைத்த நிறைகுடம். எதிரே வெள்ளைத் துண்டும் சிரிப்புமாக நாகமுத்து, தீப்பெட்டியை நீட்டிக்கொண்டு.

"பத்த வைம்மா. வீடே பூண்டு ரசம் மாதிரி மணக்குது. முனி உள்ளயே வந்து உக்காந்திருக்கு."

குச்சியை உரசினாள். நமத்துப் போன குச்சி. பற்றவில்லை.

இரண்டாவது குச்சியை எடுத்தாள்...

தம்புசாமி பாய்ந்தார். அவள் கையைக் குச்சியோடும் பெட்டியோடும் சேர்த்து நிறைகுடத்துக்குள் அமுக்கினார்.

நிறைகுடத்தில் தீப்பெட்டி மிதந்தது. வந்திருந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள்.

"என்னங்க இது?" என்றாள் குஞ்சம்மா. குரல் சன்னமாக இருந்தது. அவள் குரல் சன்னமானால் குவார்ட்டர்ஸில் சார்ஜெண்டே கதவைச் சாத்திக்கொள்வார்.

"குஞ்சு... இந்த வீட்ல அடுப்பு எரியக் கூடாது."

வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

குஞ்சம்மாவின் கை சுவர் மூலைப் பக்கம் போனது. எதையோ தேடியது.

"இரு, இரு. முதல்ல எல்லாரும் வெளிய வாங்க. சன்னலைத் தொறங்க. கீழே காஸ் குழாய் இருக்கு. ஒடைஞ்சிருக்கு. நெருப்புப் பட்டா வீடு மாமரத்துக்கு மேல போய் உக்காந்துக்கும்."

எல்லாரும் வெளியே வந்தார்கள். நாகமுத்து முதலில் வந்தார். அவ்வளவு வேகம் அவருக்கு எப்படி வந்தது என்று கேட்காமலே தெரிந்தது.

தம்புசாமி அவர் துண்டைப் பிடித்து நிறுத்தினார்.

"கங்காணியாரே. குழாய் இருக்கிறது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்னு வச்சுக்குங்களேன். குழாய்னு சொன்னா எவன் வாங்குவான்? அவங்களே முனின்னு கும்பிட்டாங்க. நான் தடுக்கல. அது ஒரு குத்தமா லா?"

"இதே வீட்ல நின்னு தீப்பெட்டியை நீட்டுனீங்களே?"

"குழாய் மண்ணுக்குள்ள கிடக்கு. மேல காஸ் வராதுன்னு நெனச்சேன். ஒடைஞ்சது எனக்குச் சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சா நான் ஏன் பக்கத்துல நிக்கிறேன்?"

அதில் நியாயம் இருந்தது.

"அது போகட்டும். இருளாண்டி மண்டையைத் தொறப்பேன்னு சொன்னீங்க. தொறந்துட்டீங்க."

"சொன்னேன். தொறக்கல. நேத்து மத்தியானமே பஸ் ஏறி மலாக்காவுக்குப் போயிட்டேன். இன்னிக்குக் காலைலதான் வந்தேன். இதோ, உங்க சம்சாரத்துக்குப் பூ வாங்கிட்டு வந்தேன். கேளுங்க."

குஞ்சம்மாவின் தலையில் பூ இருந்தது. மலாக்காப் பூதான்.

"அப்ப யாரு அடிச்சது?" என்றார் தம்புசாமி வானத்தைப் பார்த்து.

"ஏன், நான்தான்" என்றாள் குஞ்சம்மா.

காக்கை ஒன்று கரைந்தது.

"நீயா?"

"நேத்து சாயந்தரம் அடுப்பு மேடை மெழுகிட்டு இருந்தேன். எவனோ வாசல்ல நின்னு இந்த வீட்ல அடுப்பு எரியக் கூடாதுன்னான். பதினாலு வருஷமா நான் காத்துக் கெடந்த அடுப்பு. ஒலக்கை கைக்கு எட்டுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. காலைல முனி யாரையோ அடிச்சிருச்சுன்னாங்க. எவனோ குடிகாரன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "செத்துட்டாரா?"

"தும்மினாரு."

"அப்படின்னா சரி." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். "பத்தரை ஆகப் போகுது. பால் பொங்கணும். எங்க பொங்கவைக்கிறது?"

* * *

முனிக் கம்பத்தின் உச்சியில் தீ எரிந்துகொண்டுதான் இருந்தது. மேட்டில் இருளாண்டி மூடிவிட்டார். குழாயில் மிச்சம் இருந்த காஸ் மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு எரிந்தது.

குஞ்சம்மா கம்பத்தின் மூன்று பக்கமும் இடுப்பு உயரத்துக்குச் செங்கல் அடுக்கிப் பானையை அதன் மேல் ஏற்றினாள்.

பால் பொங்கியது. பானையின் அடி கரிக்கட்டையானது. பொங்கிய பாலில் தீயும் அவிந்தது. எலுமிச்சம்பழமே இல்லாமல் முனி அடங்கியதை ஊர் அன்றுதான் பார்த்தது.

முதல் டம்ளர் இருளாண்டிக்கு. அவர் வாங்கும்போது குஞ்சம்மாவின் இன்னொரு கையையும் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே."

"பரவாயில்லம்மா. நாயை விட ஒலக்கை தேவலை. ஒரு தடவையோட முடிஞ்சிருது."

நாகமுத்து நழுவப் பார்த்தார். தம்புசாமி மறித்தார்.

"எங்க போறீங்க? இன்னும் ஆறு வீடு இருக்கு. ஒவ்வொரு வாசலா நின்னு நீங்களே சொல்லணும். குழாயைத் தோண்டி எடுக்கிற வரைக்கும் இந்த வீட்ல அடுப்பு எரியக் கூடாதுன்னு."

"என்னை ஜெயில்ல போடுங்க."

"முதல்ல சொல்லிட்டு வாங்க. ஜெயில் எங்கயும் ஓடிடாது."

மூன்றாவது வீட்டு நாய்க்கு நாகமுத்துவைக் கண்டதும் வால் ஆடியது. வாசலில் நின்று அடுப்பைப் பற்றிப் பேசுகிறவனைத் துரத்தும் முந்தின நாள் பழக்கம் விட்டுப் போகவில்லை.

துரைக்கும் விளக்கு இல்லை. இரண்டு ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் தட்டுத் தடுமாறி நாற்காலிக்கு வெளியே உட்கார்ந்தார். மூன்றாம் நாள் குழாயை வேறு பக்கம் மாற்ற உத்தரவு போட்டார்.

அப்புறம், ஸ்டேஷனில் எல்லாரும் துவான் என்று மரியாதையாக அழைக்கும் இன்ஸ்பெக்டர் தம்புசாமியைக் கூப்பிட்டார்.

"அந்த விளக்குக்காரனை அடித்தது யார்?"

"முனிதான், துவான்."

"முனியா? அது வெறும் குழாய் என்று நீதானே சொன்னாய்?"

"அது குழாய், துவான். முனி வேற."

"அது எங்கே இருக்கிறது?"

"எங்க வீட்ல."

துவான் மேஜை மேலிருந்த விலங்கைத் தள்ளினார். "அப்படியானால் போய் மாட்டு."

தம்புசாமி விலங்கை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மாட்டிடலாம், துவான். புது அடுப்புல இன்னிக்கு செர்காம் மீன் கொழம்புன்னு சொல்லியிருக்கு. சாப்பிட்டுட்டு, அது மூஞ்சி நல்லா இருந்தா கேட்டுப் பாக்குறேன்."