நெட்டை திரும்பி வந்த நாள்

நெட்டை இருபது நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். அவளுடைய அப்பா காற்றாலைகளைப் பழுதுபார்ப்பவர். உயரத்தில் வேலை செய்யும்போது விழுந்து இறந்துபோனார்.

அவள் உள்ளே நுழைந்ததும் வகுப்பே கப்சிப் என்று ஆனது. "நீ ஓட வேண்டாம்மா" என்றார் விளையாட்டு ஆசிரியர். கணக்கு வீட்டுப்பாடத்தை அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்காரும் சிட்டுவும் வாயைத் திறக்கவில்லை. ஏதாவது தப்பாக உளறிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.

மதியம் அறிவியல் வகுப்பு. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்ன மோட்டார், ஒரு குட்டி விளக்கு, அட்டை, பசை.

"இன்னைக்கு நாம காற்றாலை செய்யப்போறோம். இறக்கை சுத்தினா மோட்டார் சுத்தும். மோட்டார் சுத்தினா விளக்கு எரியும்" என்று சொல்லிக்கொண்டே வந்த டீச்சர், நெட்டையைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீ வேணும்னா நூலகத்துல போய் உட்காரும்மா."

நெட்டை தலையைக் குனிந்தபடி எழுந்தாள். பையை எடுத்தவள் மேசையிலிருந்த மோட்டாரையே திரும்பிப் பார்ப்பதைச் சிட்டு கவனித்தாள்.

"உனக்குப் போகணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நெட்டை இல்லை என்று தலையாட்டினாள்.

"அவ இருக்கட்டும் டீச்சர்" என்றாள் சிட்டு. "என் லட்சணம் உங்களுக்கே தெரியும். போன தடவை ரெண்டு விரலைச் சேர்த்து ஒட்டிக்கிட்டேன்."

டீச்சர் சரி என்றார்.

சிட்டு நான்கு இறக்கைகளை வெட்டி ஒட்டினாள். நெட்டை கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். மேசை விசிறியை ஓடவிட்டார்கள். இறக்கைகள் லேசாக நடுங்கின, சுற்றவில்லை.

"உங்க அப்பா மேல ஏறி என்ன செய்வாரு?"

கேட்ட பிறகுதான் சிட்டுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் நெட்டை கோபப்படவில்லை.

"உள்ளயே ஏணி இருக்கும். ஏறிப்போய், திருகாணி தளர்ந்திருந்தா முடுக்குவாரு. வெளியே வந்து இறக்கையில விரிசல் இருக்கான்னு பார்ப்பாரு." மேசையிலிருந்த அட்டைத் துண்டை எடுத்து மடித்தாள். "அன்னைக்குக் காத்துகூட இல்ல. பாதுகாப்பு பெல்ட்டுக் கொக்கிதான் உடைஞ்சுபோச்சு."

பிறகு அழுதாள். சிட்டு "அழாதே" என்று சொல்லவில்லை. நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள்.

அழுது முடித்த நெட்டை, மூக்கைத் துடைத்துக்கொண்டு அட்டை இறக்கைகளைப் பார்த்தாள்.

"இப்படித் தட்டையா ஒட்டினா எப்படிச் சுத்தும்? காத்து முட்டிட்டு நின்னுடும். எல்லாத்தையும் ஒரே பக்கமா சாய்க்கணும்."

ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாய்த்து ஒட்டினாள். பசை காயும்வரை காத்திருந்து விசிறியைப் போட்டார்கள். இறக்கைகள் தயங்கித் தயங்கிச் சுற்றின. பிறகு வேகம் பிடித்தன. விளக்கு எரிந்தது.

அடுத்த மேசைப் பையன் எட்டிப் பார்த்தான். "ஏய் நெட்டை, எங்களோடதும் நகர மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாரேன்."

நெட்டை எழுந்து போனாள். அங்கிருந்து அதற்கடுத்த மேசைக்கும் கூப்பிட்டார்கள். மணி அடிப்பதற்குள் ஏழு மேசைகளிலும் விளக்கு எரிந்தது. விளக்கிச் சொல்லிச் சொல்லி நெட்டைக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.