பன்னிரண்டு என்று எழுதிய பலகை

குமிழி நடுவுக்கு வர மறுத்தது. முதலில் அவ்வளவுதான் நடந்தது.

எண்ணெய்க் கிணற்றுக்குள் குழாய் வழியே இறக்கிய சேறு அடிவரை போய்த் திரும்பி மேலே வழிந்ததும், ஒரு கிண்ணம் அள்ளி எடை பார்ப்பது சேற்றுக்காரரின் வேலை. பதினெட்டு வருடமாக அரை மணிக்கு ஒருமுறை பார்க்கிறார். கிண்ணத்தை நிரப்பி, மூடித் துளையில் பிதுங்கியதைத் துடைத்து, தராசுத் தண்டில் குண்டை நகர்த்தினால் கண்ணாடிக்குள் குமிழி சமர்த்தாக நடுவில் நிற்கும். இன்று குண்டு காலனுக்குப் பன்னிரண்டு பவுண்டு என்ற கோட்டுக்குப் போன பிறகுதான் குமிழி நின்றது.

பன்னிரண்டு வரக் கூடாது. சேற்றின் எடையை எழுதும் பலகையில் பன்னிரண்டு என்று இருந்தது உண்மை. எழுதியதும் அவரே. ஆனால் உள்ளே போன சேறு பதினொன்றுதான்.

காலையில் துளையிடும் மேடையிலிருந்து உத்தரவு வந்திருந்தது: அடியில் வாயு முட்டுகிறது, அதை அமுக்கப் பத்தாக இருக்கும் சேற்றைப் பன்னிரண்டாகக் கனப்படுத்த வேண்டும். அதற்கு இருநூறு மூட்டை பேரைட் பொடி கொட்ட வேண்டும். பேரைட் மூட்டை பார்வைக்குத் தலையணை. தூக்கினால்தான் அதற்குள் ஓர் ஆள் படுத்திருப்பது தெரியும். கொட்டுகிறவன் அவருடைய தங்கை புருஷன். நூறாவது மூட்டையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், பாதியோட விட்டுடலாமா? நாளைக்கு என்னை மடிச்சுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகணும் போல."

அவனை முழுசாகத் திருப்பித் தருவதாகத் தங்கையிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பாதியோடு விட்டார். பலகையில் மட்டும் முழுசாக எழுதினார்.

இப்போது கிண்ணத்தைக் கழுவி வெறும் தண்ணீரை நிறுத்துப் பார்த்தார். தண்ணீர் தண்ணீரின் எடையே இருந்தது. தராசின் மேல் பழி போட வழியில்லை. மறுபடி சேற்றை அள்ளி நிறுத்தார்; குமிழி பன்னிரண்டிலேயே நின்றது.

உச்சி வெயிலில் இரும்புத் தளம் காந்தியது. டீசல் நெடியும் ஈரக் களிமண்ணின் வாடையும் தொண்டையில் ஒட்ட, சேற்றை வடிகட்டும் சல்லடைகள் குளிரில் பல் கிட்டித்ததுபோல நடுங்கிக்கொண்டிருக்க, திரும்பி வரும் சேறு மட்டும் வாய்க்காலில் சத்தமில்லாமல், வெந்து இறுகிய கூழைப்போல, நிதானமாக வந்தது.

"மாப்ள, அப்புறம் மூட்டை ஏதாவது கொட்டினியா?"

மூட்டை கொட்டும் மேல்தட்டிலிருந்து குரல் வந்தது. "ஒண்ணுகூட இல்ல. ஆனா வலி போயிடுச்சு மச்சான். பஞ்சு மாதிரி இருக்கேன்."

அவன் இறங்கி வந்தான். பதினான்கு இரும்புப் படிகள். பூட்ஸ் கால்கள். ஒரு படிகூடச் சத்தம் போடவில்லை.

சேற்றுக்காரர் பக்கத்து மூட்டையைத் தொட்டார். தையல் பிரியவில்லை. உள்ளே பொடி நிறைந்திருந்தது. ஒரே விரலில் தூக்க முடிந்தது.

மேடையின் ஒலிபெருக்கி கரகரத்தது. "அண்ணே, பன்னிரண்டு நல்லாப் பிடிச்சிருக்கு. இன்னும் கொஞ்சம் முட்டுது. பதிமூணு ஆக்கிடலாம்."

இடது குதிகால் தேய்ந்த பூட்ஸோடு அவர் ஓடிப்போய்ப் பேசுகருவியை எடுத்தார். "வேண்டாம்பா. பன்னிரண்டுன்னு நான் எழுதினது பொய். பாதி மூட்டைதான் கொட்டினோம்."

"அழுத்தம் பன்னிரண்டுக்குச் சரியாத்தானே காட்டுது. வெயில்ல உங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு." மேடைக்காரன் சிரித்தான். "நானே எழுதிட்டேன். பதிமூணு."

தராசில் சேற்றோடு இருந்த கிண்ணம் டக்கென்று கீழே சாய்ந்தது.

"மச்சான்."

அவன் குரல் சற்று உயரத்திலிருந்து வந்தது. பூட்ஸுக்கும் தளத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. பிறகு ஒரு முழம்.

சேற்றுக்காரர் பாய்ந்து அவன் பெல்ட்டைப் பிடித்தார். மறுகையில் கைப்பிடிக் கம்பி. மூட்டைக் கொட்டகையின் கூரையில் மூட்டைகள் ஒவ்வொன்றாக மேலெழும்பி மோதின. மெதுவாக. புறாக்களைப்போல.

"விட்டுடாதீங்க மச்சான்."

"விடல."

கால்கள் மேலே போக அவன் தலைகீழாக மிதந்தான். கொடியில் காயும் சட்டை. எடையே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

வாய்க்கால் போய்ச் சேரும் சேற்றுத் தொட்டியில் ஓட்டம் நின்றிருந்தது. சேற்றின் மேல் இரண்டு பூட்ஸ் தடங்கள் பதிந்தன. ஆழமாக. அங்கே யாரும் நிற்கவில்லை.

சேற்றுக்காரரின் பல வருட முழங்கால் வலி சட்டென்று நின்றது.

அந்தத் தடங்களுக்குப் பக்கத்தில், இடது குதிகால் தேய்ந்த இன்னொரு ஜோடி, மெல்ல மெல்ல அமிழத் தொடங்கியது.