எடுத்த இடம்

நான் சொல்லப்போவதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பின்னால் என் மனம் சேர்த்துக்கொண்டது என்று எனக்கே நிச்சயமில்லை. முதலில் கேட்ட நாளில் மூடுபனி இருந்தது; அது உறுதி. அந்தக் குரல் என் அண்ணனுடையதுதானா என்பதில்தான் சில சமயம் சந்தேகம் வருகிறது. அன்று கூட இருந்தவள் என் மனைவி ரோசினா. அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி நெடுநாள் ஆகிறது.

எங்கள் ஊர் ஹோலன்ராய்ட் மேட்டு நிலத்தில் இருக்கிறது. அடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையைப் பாறை குடித்துவிடும். குடிக்கவும் மாட்டுக்கும் தண்ணீர் வேண்டுமென்றால் பள்ளத்தாக்குக்கு வண்டி கட்டிப் போக வேண்டும். மேட்டில் ஊற்று இருந்தது ஒரே ஒரு புல்வெளியில். அப்பா அண்ணன் லோரென்ஸுக்கு வீட்டையும் கொட்டகையையும் கொடுத்தார். எனக்கு அந்தப் புல்வெளி.

உலகப் போரின் கடைசியில், நாற்பத்தைந்தாம் வருடம் ஏப்ரலில் நான் படையிலிருந்து ஓடிவந்தேன். பிடித்தால் மரத்தில் தொங்கவிடுவார்கள், ஒளித்துவைத்தவனையும் சேர்த்துத்தான். பதினோரு நாள் அண்ணன் கொட்டகையின் வைக்கோலுக்குள் கிடந்தேன். அமெரிக்கர்கள் வந்த பிறகே வெளியே வந்தேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தக் கோடையில் புல் அறுக்கப் போனபோது எல்லைக்கல் ஊற்றுக்கு இந்தப் பக்கம் நின்றது. பன்னிரண்டு அடி தள்ளி. பக்கத்து நிலக்காரன் ஓட்மாரின் மாடுகள் என் ஊற்றில் குடித்துக்கொண்டிருந்தன.

எங்கள் பக்கத்தில் எல்லை வழக்கை எழுவர் தீர்ப்பார்கள். சாகும்வரை பதவி. ஒவ்வொரு எல்லைக்கல்லுக்கு அடியிலும் சுட்ட மண் துண்டுகளை ஒரு விதமாக அடுக்கிப் புதைத்திருப்பார்கள். எத்தனை, எப்படி என்பது அந்த ஏழு பேருக்கு மட்டுமே தெரியும். கட்டிய மனைவிக்கும் சொல்லக்கூடாது. களவாகக் கல்லை நகர்த்துகிறவனால் அடையாளத்தைச் சரியாக வைக்க முடியாது, தோண்டினால் தெரிந்துவிடும்.

எழுவரில் ஒருவர் என் அண்ணன்.

நான் முறையிட்டதும் அவர்கள் தோண்டினார்கள். நிலக்காரர்களான நானும் ஓட்மாரும் வழக்கப்படி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றோம். மண்வெட்டிச் சத்தம் நின்றது. எழுவருக்குத் தலைவரான ஆல்பன் சொன்னார்: "அடையாளம் சுத்தமா இருக்கு. கல்லு அதோட இடத்துலதான் நிக்குது."

திரும்பினேன். ஏழு கைகள் உயர்ந்திருந்தன. ஒன்று அண்ணனுடையது.

"பட்டாளத்துல கண்ணு மங்கிருச்சு போல, காஸ்பர்," என்றான் ஓட்மார். "நாளைக்குக் கோயிலையே தள்ளி வச்சுட்டாங்கன்னு வந்து நிக்காதே."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் மண்வெட்டியைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க மண் இல்லாத பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வண்டி ஓட்டினேன். ஆறாவது வருடம் அண்ணன் சளிக்காய்ச்சலில் இறந்தார். எழுவரில் அவருடைய இடம் எனக்கு வந்தது.

"கல்லைச் சந்தேகப்பட்டவன் நான்," என்றேன் ஆல்பனிடம்.

"அதனாலதான்ப்பா. சந்தேகப்படுறவன் நல்லாக் காவல் காப்பான்."

சத்தியம் செய்தேன். அடுத்த வசந்தத்தில், உறைபனி இளகியதில் அந்தக் கல் சாய்ந்துவிட்டது. நிமிர்த்தி வைக்க எழுவரும் தோண்டினோம். இந்த முறை நான் குனிந்து பார்த்தேன்.

அடையாளத்தை இப்போதும் சொல்லமாட்டேன். சத்தியம் சத்தியம்தான். எண்ணிக்கை சரி, அடுக்கு சரி. ஆனால் ஒரு துண்டு நீலமாக இருந்தது. அதில் ஆணியால் கீறிய ஒரு எழுத்து. என் பெயரின் முதல் எழுத்து. ஏழு வயதில் அம்மாவின் நீலப்பூ ஜாடியில் நான் கீறியது. அதற்காக அடியும் வாங்கினேன். அந்த ஜாடியைப் படைக்காரர்கள் உடைத்துவிட்டார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

"என்னப்பா அப்படிப் பாக்குறே?" என்றார் ஆல்பன். "சரியா இருக்குல்ல?"

"சரியா இருக்கு," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? செத்தவர் பெயரைக் காப்பாற்ற என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று நவம்பரில் தெரிந்தது.

அன்று மாலை நாலு மணி இருக்கும். தண்ணீர் நிரப்பிக்கொண்டு மேடு ஏறினோம். மூடுபனியில் மாட்டின் கொம்பே தெரியவில்லை. புல்வெளி ஓரம் வந்ததும் மாடு நின்றது. ஈர மண்ணும் சுட்ட சுண்ணாம்பும் கலந்த வாடை வந்தது. பனிக்குள் யாரோ பாரத்தோடு நடக்கும் சத்தம். நாலு அடி நடக்கும். நிற்கும். மூச்சு வாங்கும்.

பனிக்கு நடுவே, தோள் உயரத்தில், தணல் போல ஒரு சிவப்பு.

"எங்க வைக்கிறது?"

ரோசினா என் கையைப் பிடித்தாள்.

கல்லை நகர்த்தியவன் செத்த பிறகு தணலாய்க் கனலும் அந்தக் கல்லைத் தோளில் சுமந்து அலைவான், வழியில் வருகிறவர்களைக் கேட்பான் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். பதிலும் தெரியும். 'எடுத்த இடத்துல வை.' யாராவது ஒரு முறை சொன்னால் போதும். பாரம் இறங்கிவிடும்.

"சொல்லிருங்க," என்று கிசுகிசுத்தாள் ரோசினா.

"யாருக்கு?"

"உங்க அண்ணனுக்குங்க. அவர் குரலுங்க அது."

"எனக்கு அண்ணன் இல்ல."

"எங்க வைக்கிறது?"

நான் மாட்டை அடித்தேன். வண்டி நகர்ந்தது. சுமக்கட்டும் என்று நினைத்தேன். நான் தண்ணீர் சுமக்கவில்லையா?

பத்தொன்பது நவம்பர்கள் அந்தக் குரல் கேட்டது. பத்தொன்பது முறையும் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்தே ரோசினா வண்டியில் வருவதை நிறுத்திவிட்டாள். பிறகு ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, வண்டி தேவையில்லாமல் போனது. ஆனாலும் நவம்பரில் நான் அந்த வழியே நடந்தேன். கேட்பதற்காக. பதில் சொல்லாமல் வருவதற்காக.

பிறகு அரசாங்கம் நிலங்களை ஒன்றுசேர்த்துப் புதிதாகப் பிரித்தது. இயந்திரங்கள் பழைய எல்லைக்கற்களையெல்லாம் பிடுங்கின. வேலிகளை அழித்து, பள்ளத்தை நிரப்பி, நேராகச் சாலை போட்டார்கள்.

எழுபத்தொன்றாம் வருடம் அக்டோபரில் ஓட்மார் என்னைக் கூப்பிட்டனுப்பினான். படுக்கையில் பாதி ஆளாகக் கிடந்தான்.

"வைக்கோலுக்குள்ள நீ கெடந்தது எனக்குத் தெரியும், காஸ்பர்."

நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஓடிவந்தவன தேடி அதிகாரி வந்திருந்தான். நான் உங்க அண்ணன்கிட்ட போனேன். ஊத்தா, தம்பியான்னு கேட்டேன். அவன் மண்வெட்டிய எடுத்தான்."

"எங்க அம்மா ஜாடிச் சில்லு கல்லுக்கு அடியில எப்படி வந்துச்சு?"

"கடப்பாரை பட்டு அடியில இருந்த துண்டு ஒண்ணு உடைஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போய் எதையோ கொண்டுவந்தான். நான் பாக்கல. திரும்பி நின்னேன்." சிரிக்கப் பார்த்து இருமினான். "வழக்கம் இல்லையா."

"சண்டை முடிஞ்ச பிறகாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எழுவரோட கையத் தூக்கிட்டான்ல. அப்புறம் எப்படிச் சொல்லுவான்?"

வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிக் கேட்டேன். "உன்கிட்டயும் வந்தாரா? எங்க வைக்கிறதுன்னு கேட்டாரா?"

"என்னை ஒரு தடவையும் கேட்கல," என்றான் ஓட்மார். "என்னைப் பாத்தா ஒதுங்கிப் போயிருவான்."

வீட்டில் எத்தனையோ சில்லுகள் இருந்திருக்கும். என் எழுத்து இருந்ததைத்தான் அவர் எடுத்திருக்கிறார். என்றாவது நான் குனிந்து பார்ப்பேன் என்று.

நவம்பர் வரக் காத்திருந்தேன். முதல் மூடுபனியில் போனேன். வேலி இல்லை, ஊற்று இல்லை, சரிவு இல்லை. தார் போட்ட சாலை ஓரத்தில் நின்றேன்.

வாடை வந்தது.

நாலு அடி. மூச்சு.

"எங்க வைக்கிறது?"

"எடுத்த இடத்துல வைங்க, அண்ணே."

சிவப்பு அசையாமல் நின்றது.

"அது எங்க, தம்பி?"

நான் சுற்றிலும் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

ஓட்மார் அதற்கு முந்தின வாரமே இறந்துவிட்டான். ஆல்பன் மறு வருடம் இறந்தார். எழுவரில் மிச்சம் நான் ஒருவன். ரோசினா பாம்பெர்க் நகரத்தில் எங்கள் மகளோடு இருக்கிறாள், நவம்பரில் இங்கே வரமாட்டாள். ஊற்று சாலைக்கு அடியில் ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. அண்ணனின் கல்லறை தேவாலயத்தின் வடக்குச் சுவரோரம் இருக்கிறது. நான் இங்கேயே என் வீட்டில் இருக்கிறேன். நவம்பர் காலைகளில் என் வாசற்படிக் கல் பனியில் நனைந்திருக்கும். நடுவில் எல்லைக்கல் அகலத்துக்கு ஒரு சதுரம் மட்டும் காய்ந்திருக்கும். கை வைத்தால் சுடும்.