உள்ளே பன்னிரண்டு, வெளியே ஒன்று

முதலாளியின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது...

லிஃப்ட் குழிக்குள்ளிருந்து.

கான்ஸ்டபிள் டார்ச் அடித்தார். கீழே முதலாளி கிடந்தார். கழுத்து, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நின்றது. ஆபீஸ் இருந்த இரண்டாம் மாடியில் லிஃப்ட் கதவுக்கு யாரோ கட்டை கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். பல்பைக் காணோம். போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிற மனுஷன், ராத்திரி இருட்டில் லிஃப்ட் இல்லாத லிஃப்டுக்குள் காலை வைத்துவிட்டார்.

போனில் பேர் தெரியாத ஒரு மெயில். 'கீழே கார்கிட்ட காத்திருக்கேன். தனியா வாங்க.'

அறுபது வயசில் இதைப் படித்தால் எவன் தரையைப் பார்ப்பான்?

மதியம் இன்ஸ்பெக்டர் நேராக செக்ரட்டரியின் மேஜைக்கு வந்தார்.

"மெயில் இந்த ஆபீஸ் இன்டர்நெட் நம்பர்லேர்ந்து போயிருக்கு. கனெக்‌ஷன் உங்க பேர்ல இருக்கு. கிளம்புங்கம்மா."

குறுக்கே பாய்ந்தது அவள் புருஷன். ஆபீஸ் நெட்வொர்க்கைக் கட்டி மேய்ப்பவன். கழுத்தில் எப்போதும் கேபிள் தொங்குவதால் எல்லோருக்கும் அவன் ஒயர்.

"சார், கனெக்‌ஷனுக்குக் கையெழுத்துப் போட்டா கொலைகாரியா?"

"நம்பர் ஒண்ணுதானேய்யா?"

"வெளில ஒண்ணு. உள்ள பன்னெண்டு கம்ப்யூட்டர், பன்னெண்டு நம்பர்." ஒயர் சுவரிலிருந்த ரவுட்டரைக் காட்டினான். "எவன் எதை அனுப்பினாலும் இந்தப் பொட்டி அவன் நம்பரை எடுத்துட்டு, தன் நம்பரைப் போட்டு வெளிய விடும். பதில் வந்தா, கேட்டவன் யாருன்னு ஞாபகமா அவன்கிட்ட சேர்க்கும். வாட்ச்மேன் மாதிரி."

"அப்ப வாட்ச்மேனைக் கேளு."

"பேச்சு முடிஞ்ச கொஞ்ச நேரத்துல மறந்துடும் சார். கரண்ட் போனா மிச்சமும் போச்சு."

ரவுட்டரின் பிளக் தரையில் கிடந்தது. அந்த இடத்தில் கான்ஸ்டபிளின் சார்ஜர்.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்த பார்வையை இங்கே அச்சிட முடியாது.

பொண்டாட்டி இல்லாத வீட்டை நினைத்தாலே ஒயருக்கு மூச்சு முட்டும். சட்டென்று நிமிர்ந்தான்.

"சார், நான் எழுதி வச்ச ரூல்ஸ் அழியாது! எதை வெளிய விடணும், எதைத் தடுக்கணும்னு எல்லாம் அதுல இருக்கு. அந்த மெயில் சைட்டை முதலாளி சொல்லி எல்லாருக்கும் மூடிட்டேன். ஒருத்தருக்கு மட்டும்தான் திறந்தேன்."

"யாருக்கு?"

"மேனேஜருக்கு. கெஞ்சினாரு."

மேனேஜர் பதறினார். "டேய் ஒயர், எனக்கு அது ஒரு நாளும் திறந்ததே இல்லடா."

"பொய் சார். யாருக்குத் திறந்திருக்கோ அவங்கதான் அனுப்பியிருக்கணும். கோர்ட்ல வந்து சொல்லவும் நான் தயார்."

பிளக்கைச் சொருகி, ரூல்ஸைத் திரையில் கொண்டுவந்தான்.

மேனேஜரின் அனுமதி இருந்தது. கடைசி வரியில். அதற்கு மேல் வரியில், 'எல்லோருக்கும் தடை'.

"இது எப்படிய்யா வேலை செய்யும்?"

ஒயரின் குரல் இறங்கியது. "மேலேர்ந்து படிக்கும் சார். எது முதல்ல பொருந்துதோ அதோட நிறுத்திடும். கீழ இருக்கறதைத் திரும்பிக்கூடப் பாக்காது. அவசரத்துல தடைக்குக் கீழ எழுதிட்டேன்..."

"அப்ப மேனேஜர் அனுப்பியிருக்கவே முடியாது."

"முடியாது."

"தடைக்கு மேல ஒரு அனுமதி இருக்கே. அது யாரு கம்ப்யூட்டர்?"

ஒயர் பார்த்தான். போன மாசம் படுக்கையில் ஒருத்தி தனக்கு அந்த சைட்டைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டாள். மறுநாள் காலையில் முதல் வேலையாக எழுதினான். மறந்தும் போனான்.

"ஞாபகமில்ல சார்..."

"பொட்டிக்கு மறதி, சரி. உனக்குமா?"

"என்னுதுதான் சார்." செக்ரட்டரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். புருஷனைப் பார்த்தாள். "உங்களை வேலையை விட்டுத் தூக்கிட்டு அவரு மச்சானை வைக்கப் போறேன்னு முதலாளி என்கிட்டயே சொல்லிச் சிரிச்சாருங்க. எனக்குத் தாங்கல. உள்ள யாருன்னு வெளில தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நம்பித்தாங்க பண்ணேன்."

ஒயர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். "ரூல்ஸைப் பத்தி உனக்குச் சொல்லவே இல்லையேடி..."

இன்ஸ்பெக்டர் அவனைத் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"அழாதய்யா. கோர்ட்டுக்கு வரேன்னு சொன்னியே, வந்துடு. இதையெல்லாம் விளக்க எங்க டிபார்ட்மென்ட்ல ஆளே இல்ல."