மாமாவுக்கு ஒரு வாய் தண்ணி

வெறும் ஓவனுக்குள்ளிருந்து மீன் குழம்பு மணக்க நியாயமில்லை. கம்பித் தட்டுகளைக் காலையிலேயே கழற்றிச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கிணற்றடியில் காயவைத்தாயிற்று. அடியில் உறைந்து கிடந்த கொழுப்பைப் பழைய கரண்டியால் சுரண்டி ஈரத்துணியால் துடைத்தும் ஆயிற்று. துடைத்தவளும் அருந்ததிதான், இந்த வீட்டில் வேறு யார் துடைக்கப் போகிறார்கள்? ஆனாலும் மணந்தது. தேசிக்காய் பிழிந்து இறக்கிய விளைமீன் குழம்பு, மாமாவுக்குப் பிடித்த பதத்தில்.

கையை மோந்து பார்த்தாள். காலையிலிருந்து சமைத்த கை, கிணற்றடியில் முழுகியும் வெங்காயம் போகவில்லை. அதுதான் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். நினைத்துக்கொள்ள வேறு எதற்கும் அவளிடம் தெம்பில்லை.

மாமா முத்துக்குமாரு, புருசனின் தகப்பன், செத்து இன்றைக்கு எட்டாம் நாள். செத்த வீட்டுக்கு வரக் கிடைக்காத மச்சாள் கௌசலா, புருசனின் தமக்கை, இன்றிரவு கனடாவிலிருந்து வந்து இறங்குகிறாள். நீர்வேலியில் வாழைத் தோட்டத்துக்கு நடுவே இந்த வீட்டைக் கட்டியது அவள் காசு, குசினியில் இந்த ஓவனை வைத்ததும் அவள் ஆசை. வாங்கியதற்கு இரண்டு கேக்கும் ஒரு கோழியும் வெந்திருக்கும். மற்ற நாளெல்லாம் அது எறும்பு ஏறாத அலுமாரி. சீனி, பிஸ்கற், மாமாவின் சத்துமா எல்லாம் அதற்குள்தான் குடியிருந்தன. மச்சாள் வந்து திறந்து பார்த்தால் மானம் போகும் என்றுதான் இந்தத் துப்புரவு.

நேற்று மச்சாள் போனில் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். “அருந்ததி, அந்தப் பட்டனை அமத்தினீர் எண்டால் அது தன்ரை பாட்டிலை சூடாகி, ஒட்டிக் கிடக்கிறதையெல்லாம் எரிச்சுச் சாம்பலாக்கிப் போடும். உள்ளுக்கை ஒண்டும் இருக்கக்கூடாது, என்ன? யன்னலெல்லாம் திறந்து விடும், புகை வரும். கதவு தானாப் பூட்டும். சூடு ஆறும் மட்டும் ஆர் இழுத்தாலும் திறவாது, இழுத்து உடைச்சுப் போடாதையும்.”

தன்பாட்டில் துப்புரவாகுமாம். இந்த வீட்டில் அருந்ததி கை வைக்காமல் ஒரு வேலை நடப்பது இதுதான் முதல் தடவை. முழுகிவிட்டு வந்தவள், ஈரத் தலையோடு யன்னல்களை அகலத் திறந்துவிட்டுப் பட்டனை அமத்தினாள். கதவு ‘களுக்’கென்று தன்னைப் பூட்டிக்கொண்டது. காலையில் துடைத்த ஓவனை மறுபடி ஏன் திறந்து பார்க்க வேண்டும்?

வெளியே வாழையிலைகள் காற்றில் உரசிக்கொண்டன. ஓவனின் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு மெல்ல மெல்லக் கனிந்து, குசினிச் சீமெந்துத் தரையில் நாற்காலிக் கால்களின் நிழலை நீட்டியது. குழம்பு வாசம் தடித்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது: கருகத் தொடங்கிய புகையிலை, மாமாவின் சுருட்டு.

தோட்டத்தில் யாரோ குடிக்கிறார்கள் என்று யன்னலால் எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. வாழைக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின்கூட நின்றுவிட்டிருந்தது.

பாரிசவாதம் விழுந்து நாலு வருசம் மாமா அந்த இரும்புக் கட்டிலில் கிடந்தார். அவருக்கு மிஞ்சியது ஒரு கையும் ஒரு சொல்லும். கையால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து, ஒன்று. பிறகு அந்தச் சொல்: “தண்ணி.” நித்திரை கண்ணைச் சொருகும்போதுதான் தட்டுவார். அருந்ததி எழும்புவாள், செம்பை எடுப்பாள், பிடரிக்குக் கீழே இடது கையைக் கொடுத்துத் தலையைத் தூக்கி “மெதுவாய், மாமா” என்று ஊற்றுவாள். புருசன் குகதாசன் பக்கத்தில் குறட்டை விடுவார். மாமா போன பிறகும் இந்த எட்டு நாளும் அந்த நேரத்துக்கு அவள் கால்கள் தாமாகக் கட்டிலை விட்டு இறங்கின. இறங்கி, இருட்டில் நின்று, ஒன்றுமில்லை என்று திரும்பிப் படுத்தாள்.

அதனால்தான் இன்றைய படையலை அவள் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். எட்டாம் நாள் ஆசைப்பட்டதையெல்லாம் படைத்து, மூடி வைத்துவிட வேண்டும். விளக்கு வைக்கும்வரை ஒருவரும் பார்க்கக்கூடாது. செத்தவர் வந்து சாப்பிடுவார். மனம் நிறைந்தால் போய்விடுவார், குறை இருந்தால் வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பார். இது குகதாசன் வீட்டு வழக்கம். போகட்டும், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று அருந்ததி மனதார வேண்டிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு இரவு. விடியும்வரை, யாரும் தட்டாத நித்திரை.

அவள் முழுகப் போயிருந்த நேரத்தில் குகதாசன் படைத்து மூடிவிட்டு, தமக்கையைக் கூட்டிவர வான் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்விட்டார். மாமாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குள் மாமா சாப்பிடுகிறார் என்று நினைத்து அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

டொக்.

சூட்டுக்கு இரும்பு விரியும். தகரக் கூரையில்கூட வெயில் ஏற இப்படித்தான் கேட்கும்.

டொக், டொக். கொஞ்சம் பொறுத்து, டொக்.

அருந்ததியின் கால்கள் எழும்பிவிட்டன. கை செம்பைத் தேடியது. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சத்தம் அறைப் பக்கமிருந்து வரவில்லை.

மைமல் பொழுதாகியிருந்தது. சாமியறையில் விளக்கைக் கொளுத்தினாள். விளக்கு வைத்தாயிற்று, இனித் திறக்கலாம். மாமாவின் அறையைத் திறந்தாள். இரும்புக் கட்டில், றெக்சீன் விரித்த மெத்தை, பள்ளம் விழுந்த தலையணை. கட்டில் காலிலிருந்து சுவர்வரை எறும்புச் சாரை. வாழையிலை இல்லை. படையல் இல்லை.

போனை எடுத்தாள். “இஞ்சருங்கோ, படையலை எங்கை வைச்சனீங்கள்?”

“அறையிலை வைப்பம் எண்டுதான் போனன். அங்கை எறும்பப்பா. ஓவனுக்கை வைச்சனான். வடிவாத் துடைச்சு வெறுமையாக் கிடந்தது. உதுக்கை எறும்பும் போகாது, பூனையும் போகாது.” வானுக்குள் பாட்டுச் சத்தம் கேட்டது. “விளக்கு வைச்சிட்டீரோ? அப்ப திறந்து எடும்.”

அருந்ததி குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“தண்ணி வைச்சனீங்களோ?” என்றாள் கடைசியில்.

“அட, தண்ணி! வான்காரன் அவசரப்படுத்தினான், மறந்து போனன். நீர் ஒரு செம்பிலை வைச்சு விடுமன். ஏன், குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?”

“ஒண்டுமில்லை. களைப்பு.”

சொன்னால் கத்துவார். கத்தினாலும் அங்கிருந்து வந்து அவர் திறக்கப் போவதில்லை. போனை வைத்துவிட்டுக் குசினிக்கு ஓடினாள்.

டொக் டொக். டொக். டொக் டொக் டொக்.

பிடியைப் பழைய துணியால் சுற்றிப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். ஓவன் முகப்பில் பூட்டுப் படம் சிவப்பாய் எரிந்தது. நிறுத்தும் பட்டனை அமத்தினாள். படம் எரிந்தபடியே இருந்தது. சூடு ஆறும் மட்டும் ஆர் இழுத்தாலும் திறவாது.

“மாமா, தெரியாமச் செய்து போட்டன், மாமா!”

கண்ணாடிக்குள் சிவப்பு. சிவப்புக்குள் எதுவோ கறுப்பாய், சுருண்டு, திரும்பிப் படுக்க இடமில்லாமல் திரும்பியது. முடி பொசுங்கும் வாசம். அவள் தினமும் அவர் முதுகில் போட்ட பவுடரின் வாசம்.

மெயின் சுவிட்சை ஓடிப்போய் விழுத்தினாள். வீடு இருண்டது. பூட்டுக்கும் கரண்ட் போய்விட்டது. அதை அவள் யோசிக்கவில்லை. இப்போது அது எதற்கும் திறக்காது.

இருட்டில் அந்தச் சிவப்பு மட்டும்.

தட்டல் பிறாண்டலாயிற்று.

பிறகு, காய்ந்த தொண்டையில்:

“தண்ணி.”

அவள் காதைப் பொத்தினாள்.

“தண்ணி.”

பொத்திய காதுக்குள்ளும்.

எப்போது ஓய்ந்தது என்று தெரியவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து இழுத்தது. கண்ணாடி கறுத்துவிட்டிருந்தது. சாமியறை விளக்கு எண்ணெய் வற்றி அணைந்திருந்தது. அவள் எழும்பிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் மெயினைப் போட்டாள். வெளிச்சம் வந்தது. ஓவன் கொஞ்சம் யோசித்து, ‘களுக்’கென்று தானாகத் திறந்துகொண்டது.

உள்ளே ஒரு பிடி சாம்பல். வாழையிலையும் சோறும் மீனும் சுருட்டும் எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான். சுவர்களெல்லாம் மச்சாள் சொன்னபடி பளிச்சென்று இருந்தன. வேறொன்றும் இல்லை. அருந்ததிக்கு வெட்கங்கெட்ட ஒரு ஆறுதல் வந்தது. எரிந்துவிட்டார். எப்படியோ, போய்விட்டார். இந்தத் தரையிலேயே விழுந்து படுக்கலாம்.

டொக் டொக்.

கொஞ்சம் பொறுத்து, டொக்.

அறைப் பக்கமிருந்து.

அவள் அழவில்லை, ஓடவுமில்லை. நாலு வருசப் பழக்கம் அது. கால்கள் எழும்பின, கை செம்பை எடுத்தது, குழாய் திறந்தது, செம்பு நிறைந்தது. மாமாவின் அறைக் கதவுப் பிடி சுட்டது. சேலைத் தலைப்பால் பிடித்துத் திறந்தாள்.

எறும்புச் சாரை நின்ற இடத்திலேயே கருகிக் கிடந்தது. மெத்தையின் றெக்சீன் சுருங்கி உருகி, இடப்பக்கம் ஒருக்களித்த ஒரு ஆளின் அளவுக்கு உள்வாங்கியிருந்தது. அவள்தான் அவரை எப்போதும் அப்படித் திருப்பிப் படுக்க வைப்பாள். தலையணைப் பள்ளம் கறுத்து, அதன் நடுவே இன்னொரு சின்னப் பள்ளம் திறந்திருந்தது. ஒரு வாயளவு.

பிடரிக்குக் கீழே கொடுக்கப் போன இடது கையைச் சூட்டுக்கு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“மெதுவாய், மாமா.”

ஊற்றினாள்.

தோசைக்கல்லில் தெளித்ததுபோல் ‘சீ’ என்றது. ஆவி அவள் முகத்தில் அடித்தது. செம்பு முழுவதும் கவிழ்ந்தும் தலையணையில் ஒரு துளி ஈரமில்லை. சின்னப் பள்ளம் இன்னும் கொஞ்சம் அகலமாய்த் திறந்தது.

கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து, ஒன்று.

அருந்ததி வெறும் செம்பைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் குழாயடிக்கு நடந்தாள்.